கல் இல்லாத நாட்டில் உடையும் கண்ணாடி

மோட்டார் வாகனத்தின் முன்கண்ணாடி பெரும்பாலும் சின்னக் கல் ஒன்றால்தான் போகிறது. முன்னே செல்லும் லாரியின் பின்சக்கரம் தெறிக்கவிடும் ஒரு ஜல்லித் துண்டு போதும். தஞ்சை டெல்டாவில் இது கொஞ்சம் வேடிக்கையான விஷயம். கல்லணைக்குக் கிழக்கே கடல் வரை கிடப்பது வண்டல். தோண்டினால் களியும் மணலும்தான் வரும். பெரிய கோயிலைக் கட்டிய கருங்கல் முழுவதும் படுகைக்கு வெளியிலிருந்து வந்தது. கண்ணாடியும் இங்கே விளைந்ததில்லை. தஞ்சைக்குத் தென்மேற்கே வல்லம் மேட்டில் கிடைத்த படிகக்கல்லைத் தேய்த்து மூக்குக்கண்ணாடி செய்த பழைய தொழில் ஒன்று இருந்தது. அதைத் தவிர ஒளி ஊடுருவும் சரக்கு எதையும் இந்த மாவட்டம் வெளியே அனுப்பியதாகச் சொல்ல முடியாது. டெல்டாவில் ஒரு முன்கண்ணாடியை மாற்ற ஆன செலவின் வரலாறு, வெளியூர்க் கல்லும் வெளியூர்க் கண்ணாடியும் இங்கே வந்து சேர்ந்த வரலாறுதான்.

முதலில் வந்தது கல். பத்தொன்பதாம் நூற்றாண்டுவரை படுகையின் பாதைகள் பெரும்பாலும் ஆற்றங்கரைகளும் வாய்க்கால் கரைகளும்தான். வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு என ஆறுகள் பிரிந்து பிரிந்து ஓடும் நாட்டில் உயரமான மண் என்பது கரை மட்டுமே. மழைக்காலத்தில் அது சேறு. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861இல் ரயில் வந்தது. நிலவரியோடு ரயில்வேக்கென்று தனி வரி வசூலித்து, மாயவரம்–முத்துப்பேட்டைப் பாதையை மாவட்ட போர்டே 1894இல் திறந்தது. நெல்லுக்கு ரயில் இருந்ததால் சாலைக்கு அவசரம் இல்லை. முக்கியச் சாலைகளுக்கு மட்டும் மேட்டுப் பகுதியின் செம்புறாங்கல்லும், புதுக்கோட்டை, திருச்சிப் பக்கத்துக் கருங்கல் ஜல்லியும் வந்து, கப்பிச் சாலைகள் உருவாயின.

ஜல்லியைப் பரப்பி, கிராவலும் தண்ணீரும் விட்டு உருளையால் அழுத்தும் கப்பிச் சாலை மாட்டுவண்டிக்கு ஏற்றது. வண்டியின் இரும்புப் பட்டை கல்லை நொறுக்கும். அந்தத் தூளே கற்களுக்கு இடையே இறங்கிப் பிடித்துக்கொள்ளும். காற்றடைத்த ரப்பர் டயர் செய்த வேலை இதற்கு நேர்மாறு. வேகமாக உருளும் டயர் தூளை உறிஞ்சி வெளியே வீசியது. பிடிமானம் போன ஜல்லி மேலே மிதந்தது. மோட்டார் வந்த பிறகு இந்தியச் சாலைகள் முழுவதும் கண்ட சிக்கல் இது. இதை ஆராய 1927இல் ஜெயகர் குழு அமைந்தது. பெட்ரோல் மீது கூடுதல் வரி போட்டுச் சாலை நிதி திரட்டும் முறை 1929இல் வந்தது. தார்ச்சாலை பரவும்வரை, முன்வண்டிக்குப் பின்னால் நெருங்கிச் செல்லும் ஒவ்வொரு வண்டியும் கல்வீச்சுக்கு இலக்கான வண்டிதான்.

தொடக்ககால மோட்டார்களில் இருந்தது சாதாரணத் தட்டைக் கண்ணாடி. உடைந்தால் கத்திபோல் கூர்மையான சில்லுகள் உள்ளே இருப்பவர் முகத்தில் பாயும். பிரெஞ்சு வேதியியலாளர் எதுவார் பெனெதிக்துஸ், உள்ளே செல்லுலோஸ் நைட்ரேட் படிந்திருந்த ஒரு குடுவை கீழே விழுந்தும் சிதறாமல் விரிசலோடு நின்றதை 1903இல் கண்டார். இரு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு படலம் வைக்கும் முறைக்கு 1909இல் காப்புரிமை பெற்றார். 1927 இறுதியில் வந்த ஃபோர்டு மாடல் ஏ காரின் முன்கண்ணாடி இந்த அடுக்குக் கண்ணாடிதான். ஆனால் அந்தப் படலம் வெயிலில் மஞ்சளிக்கும். சித்திரை வெயில் அடிக்கும் ஊருக்கு அது பெரிய குறை. 1930களின் பிற்பகுதியில் வேறொரு பிளாஸ்டிக் படலம் வந்து அந்தக் குறையைத் தீர்த்தது.

டெல்டாவில் மோட்டார் என்றால் முதலில் பஸ்தான். மிராசுதார்கள் சிலரிடம் கார் இருந்தது. மற்றவர்கள் அறிந்த மோட்டார், கும்பகோணத்தையும் தஞ்சாவூரையும் மையமாக வைத்து ஓடிய தனியார் பஸ்கள். ராமன் அண்டு ராமன், ஸ்ரீ ராமவிலாஸ் போன்ற கும்பகோணம் கம்பெனிகளுக்குள் வழித்தடப் போட்டி எவ்வளவு கடுமையாக இருந்தது என்றால், பர்மிட் வழக்குகள் 1950களில் உச்ச நீதிமன்றம்வரை போயின. அந்தப் பஸ்களின் முகப்பில் இரண்டு தட்டைக் கண்ணாடிகள், நடுவில் ஒரு கம்பம். செலவுக் கணக்கில் இந்த அமைப்புக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஒரு பாதி உடைந்தால் ஒரு பாதியை மட்டும் மாற்றினால் போதும். தட்டைக் கண்ணாடியை, அடுக்குக் கண்ணாடியாகவே இருந்தாலும், உள்ளூரிலேயே அளந்து வெட்ட முடியும். சாமி படத்துக்கும் தஞ்சாவூர் ஓவியத்துக்கும் சட்டம் போடும் கடைகள் நிறைந்த ஊரில் வைர ஊசி பிடித்துக் கண்ணாடி வெட்டும் கைகளுக்குப் பஞ்சம் இல்லை. அரசு பஸ்களிலும் இந்த இரட்டைக் கண்ணாடி முகப்பு பல ஆண்டுகள் நீடித்தது. பார்க்கப் பழைய பாணி; பராமரிக்கிறவர் கண்ணுக்கு அதுவே சிக்கனம்.

கார்கள் வேறு வழியில் போயின. மோரிஸ் மைனர் 1956இல் இரண்டு தட்டைக் கண்ணாடிகளை விட்டுவிட்டு ஒற்றை வளைவுக் கண்ணாடிக்கு மாறியது. அடுத்து வந்த அம்பாசடரின் முகப்பிலும் வளைந்த ஒற்றைக் கண்ணாடி. வளைவை உலையில்தான் கொண்டுவர முடியும். சூடாக்கிச் சட்டெனக் குளிர்வித்து இறுக்கிய கண்ணாடியை அதன் பிறகு வெட்டவும் முடியாது. வெட்டினால் முழுவதும் பொடியாகும். உள்ளூர்க் கண்ணாடிக் கடை இந்த வியாபாரத்திலிருந்து விலகியது அப்போதுதான். கல்கத்தாவின் இந்துஸ்தான் சேஃப்டி கிளாஸ் போன்ற ஆலைகளில் செய்த கண்ணாடி, சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டு உதிரிபாகக் கடைகள் வழியாக, வைக்கோல் அடைத்த சட்டத்தில் லாரி பார்சலாக டெல்டாவுக்கு வர வேண்டியிருந்தது. புதியது வாங்க மனமில்லாதவருக்குப் புதுப்பேட்டையில் உடைத்த வண்டியின் கண்ணாடி இருந்தது.

இறுக்கிய கண்ணாடி உடையும் விதமும் தனி. கல் பட்ட நொடியில் முழுப் பரப்பும் வெளுத்து, கற்கண்டு போல உதிர்ந்துவிடும். முகம் கிழியாது, ஆனால் பாதை தெரியாது. ஓட்டுநர் கையால் குத்தி ஓட்டை போட்டுக்கொண்டு வண்டியை ஓரங்கட்டுவார். பிறகு கண்ணாடி வரும்வரை காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு ஓட்ட வேண்டும். ஐப்பசியில் நெற்பயிரை விட்டு விளக்கு வெளிச்சத்துக்குக் கூட்டம் கூட்டமாக வரும் பச்சைத் தத்துப்பூச்சிக்கு நடுவே இரவில் கண்ணாடி இல்லாமல் ஓட்டுவது எளிதல்ல. பொருத்தும் வேலை மட்டும் அன்று மலிவு. பீடிங் ரப்பரைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டி, அதன் பள்ளத்தில் கயிற்றைச் செலுத்தி, வெளியிலிருந்து ஒருவர் அழுத்த, உள்ளிருந்து மற்றவர் கயிற்றை இழுத்தால் ரப்பரின் உதடு தகட்டைக் கவ்விக்கொள்ளும். ஒரு மெக்கானிக்கும் ஒரு பையனும் மரத்தடியில் முடித்துவிடும் காரியம்.

1972இல் இரண்டு அரசுடைமைகள் ஒன்றாக நடந்தன. கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு சோழன் போக்குவரத்துக் கழகம் தோன்றியது. 1997 முதல் அது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணம் கோட்டம். அதே ஆண்டு பொதுக் காப்பீட்டை அரசுடைமையாக்கும் சட்டமும் வந்தது. அரசு பஸ் கழகங்கள் தமக்கென ஒரு நிதியை வைத்துக்கொண்டால் கட்டாயக் காப்பீட்டிலிருந்து விலக்குப் பெறலாம் என்று மோட்டார் வாகனச் சட்டம் இடம் தருகிறது. எனவே அரசு பஸ்ஸின் கண்ணாடி உடைந்தால் செலவு கழகத்தின் தலையில். அந்தக் கண்ணாடிக்கு ஜல்லியைவிட ஆபத்தானது மறியல். பந்த் நாட்களில் முதலில் கல் படுவது பஸ்ஸின் முகப்பில்தான். காவிரி நீருக்கான போராட்டங்களிலும் இது நடந்திருக்கிறது. பொதுச் சொத்துச் சேதத்துக்குத் தண்டனையும் இழப்பீட்டு வசூலும் விதிக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 1992இல் வந்தது. தனியார் பஸ்ஸிலோ லாரியிலோ கண்ணாடி போனால் ஓட்டுநர் சம்பளத்தில் கை வைப்பது முதலாளிகளுக்குப் பழகிய யோசனை. 1936ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டப்படி, நேரடியாக அவருடைய கவனக்குறைவால் ஏற்பட்ட சேதம் என்றால் மட்டுமே, அதுவும் அவர் தரப்பைக் கேட்ட பிறகே, பிடித்தம் செய்ய முடிந்தது. எதிரே வந்த லாரி தெறிக்கவிட்ட கல்லுக்கு ஓட்டுநர் பொறுப்பாக முடியாது.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் மோட்டார் வாகனங்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியைக் கட்டாயமாக்கின. 1993இல் வந்த திருத்தம், மூன்று ஆண்டு அவகாசத்துக்குப் பின் தயாராகும் வண்டிகளின் முன்கண்ணாடி அடுக்குக் கண்ணாடியாகவே இருக்க வேண்டும் என்றது. உதிரும் கண்ணாடியின் காலம் இதோடு முடிந்தது. இனி கல் பட்டால் ஒரு புள்ளி, அதிலிருந்து ஒரு கீறல். வெயிலில் நின்ற வண்டியில் ஏசியைப் போட்டதும் கீறல் நீளும். புள்ளி சிறியதாக இருக்கும்போதே பசை செலுத்தி அடைத்தால் பெருஞ்செலவு மிச்சம்.

இதே காலத்தில் கண்ணாடி அருகிலும் வந்தது. 1990களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயும் மறைமலை நகரில் ஃபோர்டும் கார் செய்யத் தொடங்கின. ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் 2000இல் உலையை ஏற்றியது. உருகிய தகரத்தின் மேல் கண்ணாடியை மிதக்கவிட்டுச் சமன் செய்யும் பில்கிங்டன் முறை அங்கே நடக்கிறது. கல்கத்தாவிலிருந்து வந்த சரக்கு இப்போது ஓர் இரவுப் பயணத் தொலைவில். சின்னக் காரின் கண்ணாடி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. கல்லும் குறையவில்லை. திருச்சி–தஞ்சை நான்குவழிச் சாலையும், விக்கிரவாண்டி–கும்பகோணம்–தஞ்சைச் சாலையின் நீண்டகால விரிவாக்கமும் புதுக்கோட்டை ஜல்லியை டிப்பர் டிப்பராக டெல்டாவுக்குள் கொண்டுவந்தன.

காப்பீட்டில் கண்ணாடிக்கு ஒரு சலுகை உண்டு: வண்டி எவ்வளவு பழசானாலும் கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு இல்லை. ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் பாதி கழிப்பார்கள். ஆனாலும் பலர் கைக்காசு கொடுத்தே மாற்றுகிறார்கள், கணக்கு அப்படி. ஐந்து ஆண்டு கிளைம் இல்லாதவருக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 50 சதவீதத் தள்ளுபடி. ஒரு கிளைம் செய்தால் அது பூஜ்யம். அந்தப் பிரீமியம் ரூ.8,000, கண்ணாடி ரூ.6,000 என்று வைத்துக்கொண்டால், கட்டாயக் கழிவு ரூ.1,000 போகக் கையில் வருவது ரூ.5,000. அடுத்த ஆண்டு இழக்கும் தள்ளுபடி ரூ.4,000, அதற்கடுத்த ஆண்டு 50க்குப் பதில் 20 சதவீதமே என்பதால் ரூ.2,400. கேட்டு வாங்கியவருக்கு நஷ்டம். 2018 நவம்பர் 16இல் கரையைக் கடந்த கஜா புயல் போன்ற நாட்களில் கணக்கு மாறும். தென்னை விழுந்து கூரையும் கண்ணாடியும் சேர்ந்து நசுங்கிய காருக்கு முழுக் காப்பீடு கைகொடுக்கும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருந்தவருக்கு அதில் ஒன்றும் இல்லை.

பொருத்தும் கூலிதான் தலைகீழாக மாறியது. இன்றைய காரில் கண்ணாடி ரப்பரில் நிற்பதில்லை. பாலியூரித்தேன் பசையால் தகட்டோடு ஒட்டி, உடலின் உறுதியில் பங்கெடுக்கிறது. முன்பயணியின் ஏர்பேக் விரியும்போது சாய்ந்து நிற்பதும் இந்தக் கண்ணாடி மேல்தான். 2021 முதல் புதிய மாடல்களில் அந்த ஏர்பேக்கும் கட்டாயமானது. கண்ணாடியை மாற்றப் பழைய பசையை அறுத்து, தகட்டைத் துடைத்து, புதுப் பசை இறுகும்வரை வண்டியை நிறுத்திவைக்க வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் கேமரா வைத்த கார் என்றால், மாற்றிய பிறகு அந்தக் கேமராவைக் கருவி கொண்டு மறுபடி சீரமைக்க வேண்டும். இத்தகைய கார்களில் செலவு பல பத்தாயிரங்களைத் தொடுகிறது. அந்தக் கருவி உள்ள பணிமனை பக்கத்தில் இல்லாவிட்டால் கும்பகோணத்துக் கார் திருச்சிக்குப் போக வேண்டியிருக்கிறது.