அமெரிக்க விடுதலைப் போர்: பிரிட்டன், அமெரிக்கா, தமிழகப் பார்வைகள்

அமெரிக்க விடுதலைப் போர் (1775–1783): வட அமெரிக்காவின் கிழக்குக் கரையில் இருந்த 13 குடியேற்றங்கள் பிரிட்டிஷ் ஆட்சியை உதறித் தனி நாடாவதற்காக நடத்திய போர். 1778-இல் பிரான்சும், 1779-இல் ஸ்பெயினும், 1780 இறுதியில் ஹாலந்தும் பிரிட்டனுக்கு எதிராகச் சேர்ந்துகொள்ள, அது பல கண்டங்களில் நடந்த போராயிற்று. அதன் களங்களில் ஒன்று தமிழகம். திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கும் வேங்கிக்காலிலிருந்து கிளம்பினால் மேற்கே செங்கம், வடக்கே ஆரணி, வடகிழக்கே வந்தவாசி என்று அந்தப் போரில் அடிபட்ட ஊர்களை ஒரே நாளில் சுற்றி வந்துவிடலாம். அமெரிக்கரும் பிரிட்டிஷாரும் இப்போரைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றில் இந்த ஊர்களுக்கு இடமில்லை. நாமும் அவற்றை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

திருவண்ணாமலையும் பாஸ்டன் தேயிலையும்

1767 செப்டம்பரில் செங்கத்திலும், அதே மாதம் 26-ஆம் தேதி திருவண்ணாமலையிலும், கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை, மைசூரை ஆண்ட ஐதர் அலியும் ஐதராபாத் நிஜாமும் சேர்ந்து வந்த படையை எதிர்கொண்டது. இரண்டிலும் கம்பெனி வென்றது. ஆனால் போரின் போக்கு மாறி, 1769-இல் ஐதர் சென்னையின் வாசல்வரை வந்து, தான் சொன்னபடி உடன்படிக்கை எழுத வைத்தார். இனி ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவுவது என்பது அதன் முக்கியமான ஷரத்து. மராத்தியர் மைசூர்மேல் பாய்ந்தபோது கம்பெனி வாளாவிருந்தது. ஐதர் அதை மறக்கவில்லை.

ஐதரோடு நடந்த இந்தப் போரின் செய்தி லண்டனை எட்டியதும் கம்பெனியின் பங்கு விலை சரிந்தது. படைச்செலவும் வங்காளப் பஞ்சமும் 1772-இன் கடன் நெருக்கடியும் சேர்ந்து, கம்பெனி அரசிடம் கையேந்தும் நிலைக்கு வந்தது. கிடங்கில் தேங்கிக் கிடந்த தேயிலையை அமெரிக்காவில் நேரடியாக விற்க 1773-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது கம்பெனியைக் கரையேற்றத்தான். அந்த ஆண்டு டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் சுமார் 340 பெட்டித் தேயிலை கடலில் கொட்டப்பட்டது. அது கம்பெனியின் சரக்கு. வங்காளத்தில் கம்பெனி அடித்த கொள்ளை நாளை நம் வீட்டுக்கும் வரும் என்று ஜான் டிக்கின்சன் போன்ற அமெரிக்கர் அப்போதே எழுதி எச்சரித்தனர். திருவண்ணாமலைச் சண்டையால்தான் அமெரிக்கா கிளர்ந்தது என்று சொல்வது மிகை. ஆனால் இங்கே போர் நடத்திக் கடனாளியான வியாபார நிறுவனமும், அங்கே தேயிலை விற்கப் போன நிறுவனமும் ஒன்றே என்பதை விட்டுவிட்டு இரண்டையும் தனித்தனியாகப் படிப்பது சரியான படிப்பு ஆகாது.

போர் ஆற்காட்டு நவாபின் கர்நாடகச் சீமைக்கு வந்த வழி

1777 அக்டோபரில் சரடோகாவில் பிரிட்டிஷ் படை அமெரிக்கரிடம் சரணடைந்தது. அதைக் கண்டு தெம்படைந்த பிரான்ஸ் 1778 பிப்ரவரியில் அமெரிக்காவுடன் ஒப்பந்தம் செய்தது. செய்தி சென்னைக்கு வந்ததும் கம்பெனி புதுச்சேரியை முற்றுகையிட்டு அக்டோபரில் பிடித்தது. 1779 மார்ச்சில் மலபார்க் கரையில் மாஹேயையும் எடுத்துக்கொண்டது. மாஹே ஐதரின் பாதுகாப்பில் இருந்த துறை. பிரெஞ்சுத் துப்பாக்கிகளும் வெடிமருந்தும் அவருக்கு வந்து சேர்ந்த வழி. பழைய உடன்படிக்கையை மீறியது போதாதென்று இதுவும் நடந்தது. 1780 ஜூலையில் 80,000-க்கும் மேற்பட்டதாகச் சொல்லப்படும் படையோடு ஐதர் செங்கம் கணவாய் வழியே இறங்கினார்.

செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கர்னல் பெய்லியின் கம்பெனிப் படை அழிந்தது. இந்திய மண்ணில் அதுவரை ஆங்கிலேயர் அப்படி ஒரு தோல்வியைக் கண்டதில்லை. உதவிக்கு வராமல் காஞ்சிபுரத்தில் நின்றுவிட்ட ஹெக்டர் மன்றோ (பின்னாளில் சென்னை ஆளுநரான தாமஸ் மன்றோ வேறு) கனரகப் பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார். ஆங்கில நூல்கள் பெய்லியின் வெள்ளை அதிகாரிகள் பட்ட பாட்டை விரிவாகச் சொல்கின்றன. அந்தப் படையில் பெரும்பகுதி இந்தியச் சிப்பாய்கள். அவர்களில் ஒருவர் பெயரைக் கண்டுபிடிக்கவும் மிகவும் தேட வேண்டியிருக்கிறது.

வந்தவாசிக் கதை தனியே சொல்லத்தக்கது. 1780 ஆகஸ்டில் லெப்டினன்ட் பிளின்ட் சுமார் 100 சிப்பாய்களோடு அங்கே போய்ச் சேர்ந்தபோது, ஆற்காட்டு நவாப் முகமது அலியின் கில்லேதார் (கோட்டைத் தலைவர்) கோட்டையை ஐதருக்குக் கொடுத்துவிடத் தீர்மானித்திருந்தார். பேச வேண்டும் என்று சொல்லி நான்கைந்து பேருடன் உள்ளே நுழைந்த பிளின்ட், கில்லேதாரையே சிறைபிடித்துக் கோட்டையைத் தன் கையில் எடுத்தார். வெடிமருந்தை உள்ளேயே தயாரித்துக்கொண்டு, 1781 ஜனவரியில் பிரிட்டிஷ் தளபதி சர் அயர் கூட் வரும்வரை தாக்குப்பிடித்தார். 1783-இல் கம்பெனியே அந்தக் கோட்டையின் மதில்களை வெடிவைத்துத் தகர்த்துவிட்டுப் போனது.

1781 ஜூலையில் பரங்கிப்பேட்டையில் கூட் வென்றார். 1782 ஜூன் 2 அன்று ஆரணியில் நடந்த சண்டை யாருக்கும் பெரிய பலன் தரவில்லை. கடலில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரானும் பிரிட்டிஷ் தளபதி ஹியூஸும் 1782, 1783 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சதுரங்கப்பட்டினம் முதல் திருகோணமலை வரை ஐந்து முறை மோதினர். 1782 டிசம்பரில் சித்தூர் அருகே ஐதர் இறந்தார்.

1783 ஜூனில் ஜெனரல் ஸ்டூவர்ட் கடலூரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியை முற்றுகையிட்டார். 13-ஆம் தேதி தரையிலும் 20-ஆம் தேதி கடலிலும் பெருஞ்சண்டை. ஐரோப்பாவில் சமாதானத்துக்கான முன்னொப்பந்தம் ஜனவரியிலேயே கையெழுத்தாகியிருந்தது. அந்தச் செய்தியோடு கப்பல் வந்து சேர்ந்தது ஜூன் 29 அன்று. ஐந்து மாதத்துக்கு முன்பே முடிந்துபோன போருக்காகக் கடலூரில் ஆயிரக்கணக்கானோர் செத்தும் காயம்பட்டும் விழுந்தனர்.

அமெரிக்கர் பார்வை

போர் நடந்த நாட்களில் அமெரிக்கர்கள் தமிழகத்துச் செய்திகளை ஆவலோடு கவனித்தார்கள். 1782-இல் பென்சில்வேனியா ஒரு போர்க்கப்பலுக்கு ‘ஐதர் அலி’ என்றே பெயர் வைத்தது. ஏப்ரல் 8 அன்று டெலவேர் விரிகுடாவில், ஜோஷுவா பார்னி தலைமையில் அந்தக் கப்பல் தன்னைவிட வலுவான ‘ஜெனரல் மங்க்’ என்ற பிரிட்டிஷ் கப்பலைப் பிடித்தது. கவிஞர் பிலிப் பிரெனோ அந்த வெற்றியைப் பாடினார். செங்கம் கணவாயில் இறங்கிய மனிதரை அமெரிக்கர்கள் தம் பங்காளியாகவே நினைத்தார்கள்.

விடுதலைக்குப் பின் அந்த நினைவு மங்கிற்று. 19-ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் பான்கிராஃப்ட் முதலியோர் எழுதிய வரலாறு, சுதந்திரத்துக்கென்று தெரிந்தெடுக்கப்பட்ட ஒரு மக்களின் கதையாக இருந்தது. 1913-இல் சார்லஸ் பியர்ட் அரசியலமைப்பை எழுதியவர்களின் சொத்துக் கணக்கைத் தோண்டினார். 1967-இல் பெர்னார்ட் பெய்லின் கருத்துகளின் வலிமைக்கு முதலிடம் தந்தார். அடிமைகளும் பூர்வகுடிகளும் இந்த விடுதலையில் என்ன பெற்றார்கள் என்ற கேள்வி இன்று முன்னே நிற்கிறது. கிளர்ச்சிக்காரர்களை விட்டு அரசர் பக்கம் ஓடிவரும் அடிமைகளுக்கு விடுதலை என்று 1775-இல் வர்ஜீனியா ஆளுநர் டன்மோர் அறிவித்ததை அமெரிக்கப் பாடநூல்களால் இனி ஒதுக்க முடியாது. என்றாலும் இன்றுவரை அது பெரிதும் அவர்கள் வீட்டுக்குள் நடக்கும் விவாதமாகவே இருக்கிறது.

பிரிட்டிஷார் பார்வை

பிரிட்டனுக்கு அது தோற்ற போர். அதைவிட, தன் ரத்தத்தோடு நடந்த சண்டை. அரசரின் பிடிவாதத்தைக் குறை சொல்லி, குடியேறிகள் பக்கம் நியாயம் கண்டவர்கள் அங்கே எப்போதும் உண்டு. ஜார்ஜ் ஓட்டோ டிரெவெல்யன் அந்த மரபின் வரலாற்றாசிரியர். வர்ஜீனியா கொடுத்த வாஷிங்டன் சிலை 1921 முதல் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் நிற்கிறது. 1964-இல் பியர்ஸ் மெக்கெஸி, லண்டன் அமைச்சரவையின் இடத்திலிருந்து பார்த்து, இதை உலகப் போராக எழுதினார். அமெரிக்கா போனாலும் ஜிப்ரால்டரும் இந்தியாவும் தப்பின என்பது பிரிட்டிஷார் ஆறுதலாகச் சொல்லிவந்த வாதம். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் கம்பெனி அயர் கூட்டுக்கு எழுப்பிய நினைவுச் சின்னம் அந்த வாதத்தின் கல்வடிவம்.

அவர்களிலேயே இரண்டு கண்டங்களையும் ஒரே கண்ணால் பார்த்தவர் எட்மண்ட் பர்க். 1775-இல் அமெரிக்கரோடு சமரசம் செய்யச் சொல்லி நாடாளுமன்றத்தில் பேசியவர், 1785 பிப்ரவரியில் ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றிப் பேசினார். ஐதரின் படை கர்நாடகச் சீமையைச் சுட்டெரித்ததை அதில் விவரித்தார். அதற்கு வழிவகுத்தவர்கள் பால் பென்ஃபீல்டு போன்ற சென்னை வட்டிக்காரர்களே என்று பெயர் சொல்லிக் குற்றம் சாட்டினார். இந்தப் போரில் தமிழகத்து விவசாயி பட்ட துயரத்தை அன்றைய பிரிட்டனில் அவ்வளவு உரக்கச் சொன்ன குரல் வேறில்லை.

பொதுவான நினைவு வேறு விதமாக ஓடியது. 1781-இல் யார்க்டவுனில் சரணடைந்த கார்ன்வாலிஸ் ஐந்தே ஆண்டுகளில் கவர்னர் ஜெனரலாக இந்தியாவுக்கு வந்தார். 1792-இல் ஐதரின் மகன் திப்புவின் இரு மகன்களைப் பிணையாகப் பெற்றார். அந்தக் காட்சியைப் பீடத்தில் தாங்கிய அவருடைய சிலையைச் சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் இப்போதும் காணலாம். அமெரிக்கா பறித்த மானத்தை நம் மண்ணில் மீட்டுக்கொண்டார்கள் என்பதை அந்தச் சிலை ஒளிக்கவில்லை.

தமிழகத்தில்

இங்கே இந்தப் போருக்கு இரண்டு நினைவுகள். ஒன்று, விடுதலைப் போராட்ட வரலாற்றில் உள்ளது. காளையார்கோவிலில் 1772-இல் கணவரை இழந்த அரசி வேலு நாச்சியார், ஐதர் கொடுத்த படை உதவியோடு 1780-இல் சிவகங்கையை மீட்டார். அதன் தொடர்ச்சியாகவே 1801-இல் சிவகங்கையின் சின்ன மருது ஆங்கிலேயருக்கு எதிராக வெளியிட்ட திருச்சி அறிக்கையைப் பார்க்க வேண்டும். கா. ராஜய்யன் 1800–1801 கிளர்ச்சியை முதல் விடுதலைப் போர் என்று 1971-இல் எழுதியபின் தமிழகப் பார்வையே மாறிற்று.

மற்றது பஞ்ச நினைவு. எதிரிக்கு ஒரு மணி நெல்லும் கிடைக்கக் கூடாது என்று ஐதர் வயல்களை எரித்தார். ஆடுமாடுகளையும் ஆட்களையும் மைசூருக்கு ஓட்டிச் சென்றார். கம்பெனிப் படையும் கிடைத்த தானியத்தை விடவில்லை. 1782-இல் சென்னையில் பஞ்சம். வடக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் பிழைக்க வந்தவர்களுக்கு ராயபுரம் பக்கத்தில் ஒரு மணியக்காரர் பொறுப்பில் கஞ்சி ஊற்றினார்கள். அந்த மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. வடசென்னையின் பழைய ஆட்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். அமெரிக்க விடுதலைப் போர் நம்மிடம் விட்டுப்போன கட்டடம் ஒன்று உண்டென்றால் அதுதான்.

ஐதரை விடுதலை வீரராக மட்டும் காட்டும் எழுத்தும், கொள்ளைக்காரராக மட்டும் காட்டும் எழுத்தும் இந்த இரண்டு நினைவுகளில் ஒன்றை அழித்துவிடுகின்றன. சிவகங்கைக்கு அவர் துணைவர். அதே ஆண்டில் ஆற்காட்டுச் சீமையின் உழவருக்கு அவர் நெருப்பு. இரண்டும் உண்மை.

தமிழகத்து ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியலில் அமெரிக்கப் போர் ‘புரட்சிகளின் காலம்’ என்ற பாடத்தில் வருகிறது. 1780-இல் தொடங்கிய மைசூர்ப் போர் வேறு பாடத்தில் வருகிறது. செங்கத்திலோ வந்தவாசியிலோ படிக்கும் மாணவருக்கு இரண்டும் ஒரே போர் என்று சொல்ல இப்போதைக்கு ஆசிரியர்தான் உண்டு. அந்த ஆண்டுகளின் கம்பெனி இராணுவக் குறிப்புகள் சென்னை எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. சிப்பாய்களின் பக்கமிருந்தும் ஊர்களின் பக்கமிருந்தும் இந்தப் போரைத் தமிழில் எழுத விரும்புகிறவர் தொடங்க வேண்டிய இடம் அது.