சொல் கற்ற பிள்ளையைச் சோதித்தவர் யார்?

ஆதம் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் பெயர்கள் அனைத்தையும் கற்றுக்கொடுத்த வரலாற்றை அல்பகரா அத்தியாயத்தின் 31 முதல் 33 வரையுள்ள வசனங்கள் எடுத்துரைக்கின்றன. கற்பித்த பின் வானவர்கள் முன்னே அவை எடுத்துக்காட்டப்பட்டுப் பெயர்கள் கேட்கப்பட்டன. தங்களுக்குக் கற்பிக்கப்பட்டதன்றி வேறொன்றும் அறியோம் என வானவர்கள் பணிந்தனர். ஆதம் (அலை) அவர்கள் அப்பெயர்களை அறிவித்தார்கள். மனிதன் பெற்ற முதற்கல்வி சொற்கல்வி. அதன் தேர்வும் வாய்மொழித் தேர்வே. காட்டியதற்குப் பெயர் கேட்கும் இவ்வழி நம் ஊர்ப்பக்கத்துக் கல்வியில் எவ்வாறு வாழ்ந்தது, எங்கே நழுவியது என்பதைச் சிந்திப்பது பெற்றோராகிய நமக்குப் பயன் தரும்.

வில்லியனூரும் பாகூரும் இருக்கும் இந்நிலம் கல்விக்குப் புதியதன்று. 1879-ல் பாகூர்ப் பகுதியில் கிடைத்த செப்பேடுகள், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 9-ஆம் நூற்றாண்டில், அவ்வூரின் வித்தியாஸ்தானத்திற்கு மூன்று ஊர்கள் தானமாக அளிக்கப்பட்டதைக் கூறுகின்றன. அறிவுக்காக நிலத்தை ஒதுக்கிய அச்செயல், நாம் அறிந்த வக்ஃபு ஏற்பாட்டை நினைவூட்டுகிறது. ஆயினும் அது உயர்கல்விக்கான இடம். தமிழகத்துச் சிற்றூர்ப் பிள்ளைகள் எழுத்தும் சொல்லும் கற்றது, பிற்காலத்தில் ஊர்தோறும் நடந்த திண்ணைப் பள்ளிகளிலேயாகும்.

அங்கே சொற்களுக்குரிய நூல் நிகண்டு. அது புரட்டித் தேடும் நூலன்று. செய்யுளாக மனனம் செய்யும் நூல். திவாகரம், பிங்கலம் ஆகியவற்றுக்குப் பின் மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டு, விருத்தப்பாவின் ஓசையால் மாணவர் நாவில் எளிதில் நின்றது. தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம் எனச் சொற்கள் அதில் இனம் இனமாக அமைந்தன. பழங்கள், பறவைகள் என்று பிரித்துக் கற்பிக்கும் இன்றைய முதல் வகுப்புப் பாடநூலும் அடிப்படையில் இவ்வழியையே பின்பற்றுகிறது.

சோதிக்கும் முறையோ இன்னும் அழகானது. 19-ஆம் நூற்றாண்டில் சோழநாட்டுச் சிற்றூரில் தாம் பயின்ற திண்ணைப் பள்ளியை உ.வே.சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ நூலில் விவரித்துள்ளார். மாலையில் பள்ளி விடும்போது உபாத்தியாயர் ஒவ்வொரு பிள்ளைக்கும் பூ, பறவை, ஊர் முதலியவற்றின் பெயர்களைச் சொல்லி அனுப்புவார். பிள்ளை அவற்றை மறவாமல் வீட்டிலுள்ளோரிடம் சொல்ல வேண்டும். மறுநாள் உபாத்தியாயரிடமும் சொல்ல வேண்டும். இதனால் வீடே பாதித் தேர்வுக்கூடமாயிற்று. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் பிள்ளையின் சொல்லுக்குச் செவிசாய்க்கும் தகுதியைப் பெற்றாள்.

அக்காலத்தைக் குறையற்றதாகக் கருத வேண்டியதில்லை. பிரம்படி இருந்தது, பொருளறியாத மனனம் இருந்தது, பெண்பிள்ளைகள் பெரும்பாலும் திண்ணைக்கு வெளியிலேயே நின்றனர். நம் சமூகத்தில் அந்தக் குறையை ஓரளவு நீக்கியது அறபுத்தமிழ். குர்ஆன் ஓதக் கற்ற சிறுமி, அறிந்த அரபு எழுத்தைக் கொண்டே தன் தாய்மொழியில் மார்க்கச் சட்டங்களைப் படித்துப் பொருளுணர முடிந்தது. ஒலிக்கும் பொருளுக்கும் இடையே அது ஒரு பாலமாய் இருந்தது.

இதற்கிடையே அச்சுநூல் வந்தது. வீரமாமுனிவரின் சதுரகராதி 1732-ல் உருவாகி, சொற்களை அகரவரிசைப்படுத்தியது. புதுச்சேரி மிஷன் அச்சகத்திலிருந்து முசே, துய்ப்புய் ஆகிய பாதிரிமார்களின் தமிழ்–பிரெஞ்சு அகராதி வெளிவரத் தொடங்கியது 1855-ல். இவை பெரும்பணிகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் சொல் நாவிலிருந்து ஏட்டுக்குச் சென்றது; தேர்வும் ஏட்டுக்கே சென்றது. ஆசிரியர் சொல்ல மாணவர் எழுதும் ‘சொல்வதெழுதுதல்’ வகுப்பறையில் நிலைபெற்றது. அது எழுத்துப்பிழையைக் காட்டும். பிள்ளைக்குப் பொருள் விளங்கிற்றா என்பதைக் காட்டாது.

ஒரு சொல்லை அறிதல் என்பது அதன் வடிவு, பொருள், வழக்கு ஆகிய மூன்றையும் அறிதலாகும். ‘மதகு’ என்று பிழையின்றி எழுதி முழு மதிப்பெண் பெற்ற பிள்ளை, பாகூர் ஏரிக்கரையில் மதகு எது என்று காட்டத் தெரியாமல் நிற்கக்கூடும். மாறாக, ‘கொம்யூன்’ என்ற பிரெஞ்சுச் சொல்லை நம் முதியோர் எந்த அகராதியிலும் தேடியதில்லை. கொம்யூன் அலுவலகத்திற்கு நடந்து நடந்தே அச்சொல் அவர்களுடையதாயிற்று.

இன்று நம் பிள்ளைகள் பள்ளியில் தமிழும் ஆங்கிலமும், மதரஸாவில் அரபும் பயில்கின்றனர். மூன்று மொழிச் சொற்கள் ஒரு சிறு நாவில் வந்து அமர்கின்றன. “எனக்கு இங்கிலீஷ் தெரியாதே” என்று பெற்றோர் ஒதுங்கும்போது, திண்ணைப் பள்ளிக் காலத்துத் தாய் செய்த கடமை செய்வாரின்றிப் போகிறது. அக்கடமைக்குப் புலமை வேண்டியதில்லை. மஃரிபுக்குப் பின் பிள்ளையை அருகிலமர்த்தி, அன்று கற்ற மூன்று சொற்களைக் கேட்போம். பொருளைக் காட்டிப் பெயரைக் கேட்போம். அச்சொல்லை வைத்துச் சொந்தமாய் ஒரு வாக்கியம் சொல்லச் செய்வோம். ஸூரத்துல் ஃபாத்திஹாவை ஓதும் பிள்ளையிடம் ‘ரப்பு’ என்றால் என்ன என்றும் கேட்போம். அறியாவிடில் கண்டிக்க வேண்டாம். அறியோம் என வானவர்களே பணிந்து கூறினார்கள் அல்லவா? நாமும் பிள்ளையோடு சேர்ந்து உஸ்தாதிடம் கேட்டறிவோம்.

வல்ல ரஹ்மான் நம் சந்ததியினருக்குப் பொருளுணர்ந்த கல்வியை அருள்வானாக! ஆமீன்.