பிரதிகளால் வளர்ந்த உயிர்கள்: மரபணுக்கள் இரட்டித்த கதை

இடப்பெயர்வுக் காலத்தில் எங்கள் வீட்டில் உடுப்புகளுக்கு முதல் எடுத்து வைக்கப்படுவது அம்மாவின் ஆவணப் பைதான். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, பரீட்சைப் பெறுபேறு எல்லாவற்றையும் இரண்டு மூன்று போட்டோகொப்பி எடுத்து, பொலித்தீனில் சுற்றி வைத்திருப்பார். மூலப் பிரதியில் விரல் வைக்கவும் விடமாட்டார். மிஞ்சிய கொப்பிகளின் பின்பக்கத்தில் தம்பி படம் கீறுவான். அதற்கு ஒன்றும் சொல்லமாட்டார்.

ஊடகக் கற்கை படித்த எனக்கு உயிரியல் தூரத்துப் பாடம். ஆனாலும் மரபணுக்கள் எப்படிப் பெருகின என்று வாசிக்கத் தொடங்கியபோது முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பைதான்.

நமது கலம் ஒவ்வொன்றிலும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு மரபணுத்தொகுதிகள் உள்ளன. ஒரு தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி டிஎன்ஏ எழுத்துகள், 23 நிறமூர்த்தங்களில். அதற்குள் புரதம் செய்யும் மரபணுக்கள் சுமார் 20,000. கலம் பிரியும்போது இவை முழுவதும் பிரதி எடுக்கப்படுகின்றன. சில வேளை ஒரு துண்டு இரண்டு தடவை பதிந்துவிடும். மிக அரிதாக முழுத் தொகுதியுமே இரட்டித்துவிடும்.

இந்தத் தவறுகள்தான் கூர்ப்பின் பெரிய மூலதனம் என்று 1970 இல் ஒரு நூலில் வாதிட்டவர் கலிபோர்னியாவில் பணியாற்றிய சுசுமு ஓனோ. அவசியமான மரபணு ஒன்றே ஒன்றாக இருந்தால் அதில் ஏற்படும் கெடுதியான மாற்றத்தை இயற்கைத் தேர்வு நீக்கிவிடும். இரண்டு இருந்தால் ஒன்று பழைய வேலையைப் பார்க்கும். மற்றது மாறிப் பார்க்கலாம். பெரும்பாலான பிரதிகள் பழுதாகி அழிந்துபோகின்றன. சில பழைய வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. மிகச் சில புதிய வேலையைக் கண்டுபிடிக்கின்றன.

முள்ளந்தண்டுளிகளின் மூதாதையில் முழுத் தொகுதியும் இரட்டித்திருக்க வேண்டும் என்றும் ஓனோ கருதினார். உடலின் தலை எது, வால் எது என்று ஒழுங்குபடுத்தும் ஹொக்ஸ் மரபணுக்கள் இதற்கு நல்ல சாட்சி. முள்ளந்தண்டில்லாத கடலுயிரியான அம்பியொக்சசில் இவை ஒரே கொத்தாக உள்ளன. மனிதரில் நான்கு நிறமூர்த்தங்களில் நான்கு கொத்துகள். 2008 இல் அம்பியொக்சசின் தொகுதி வாசிக்கப்பட்டபோது, அதன் ஒரு பகுதிக்கு நம்மில் நான்கு பகுதிகள் வரை ஒத்திருப்பது தெரிந்தது. அதாவது இரண்டு சுற்று இரட்டிப்பு, சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முன்.

மீன்களில் கதை இன்னும் நீளும். நாம் சந்தையில் வாங்கும் பாரை, சூடை போன்ற என்புமீன்களின் மூதாதை மூன்றாவது தடவையும் இரட்டித்தது. சுறாவும் திருக்கையும் அதற்கு முன்பே பிரிந்துவிட்டதால் அவற்றில் அது இல்லை. சால்மன் இனங்களில் நான்காவது சுற்றும் நடந்தது.

தாவரங்களில் இது சாதாரணம். பாண் செய்யும் கோதுமையில் ஆறு தொகுதிகள் உண்டு. மொந்தன் வாழையில் மூன்று. மூன்றைச் சமமாகப் பிரிக்க முடியாததால் விதை உருவாவதில்லை. அதனால்தான் குட்டி பிரித்து நடுகிறோம். ஆனால் பெரிய தொகுதி என்றால் பெரிய உயிர் என்றில்லை. வெங்காயத்தின் தொகுதி நம்முடையதைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு பெரியது. அதில் பெரும்பகுதி திரும்பத் திரும்பப் பதிந்த துண்டுகள்.

இது வெறும் பழங்கதையில்லை. நமது குருதியில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினின் அல்பா, பீற்றா பகுதிகள் ஒரே மூதாதை மரபணுவின் பிரதிகளிலிருந்து வந்தவை. பீற்றாக் குடும்பத்தில் இன்னொரு பிரதி, காமா. கருவிலுள்ள குழந்தைக்கு இதுதான் வேலை செய்கிறது. இதனால் உருவாகும் ஈமோகுளோபின் ஒட்சிசனை இறுக்கமாகப் பிடிப்பதால் தாயின் குருதியிலிருந்து குழந்தை அதை எடுத்துக்கொள்ள முடிகிறது. பிறந்து சில மாதங்களில் காமா ஓய்ந்து பீற்றா பொறுப்பேற்கும்.

அந்தப் பீற்றா பழுதானால் வருவது பீற்றா தலசீமியா. கடுமையான நோயுள்ள பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் குருதி ஏற்ற வேண்டும். 2023 நவம்பரில் பிரித்தானியா அனுமதித்த காஸ்ஜெவி என்ற சிகிச்சை பழுதான மரபணுவைத் திருத்துவதில்லை. ஓய்ந்திருக்கும் காமாவை மீண்டும் எழுப்புகிறது. பிரதி இருந்ததால் கிடைத்த வழி இது. அமெரிக்காவில் அதன் விலை 22 இலட்சம் டொலர்.

அந்த விலை நமக்கு எட்டாது. எட்டுவது ஒரு குருதிப் பரிசோதனை. தலசீமியா இலங்கையிலும் உண்டு. பழுதை ஒரு பக்கத்தில் மட்டும் காவுபவருக்குப் பெரும்பாலும் அறிகுறி இருக்காது; இருந்தாலும் இரும்புச்சத்துக் குறைவு என்று நினைத்துவிடுவார்கள். காவிகள் இருவர் மணந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு 25 வீதம். மச்சான், மச்சாள் முறையில் கல்யாணம் செய்யும் குடும்பங்களில், இருவரும் ஒரே பழுதைக் காவும் சாத்தியம் கூடுதல். கல்யாணத்துக்குக் குறிப்புப் பொருத்தம் பார்க்கும் வீடுகள் அந்தப் பரிசோதனைத் துண்டையும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.