ஒரே இரவு, இரண்டு வழிபாடுகள்

டிசம்பர் 31 இரவு திருத்தணி மலைப்படிகளில் கால் வைக்க இடமிருக்காது. மொத்தம் 365 படிகள், ஆண்டின் நாளுக்கு ஒன்று என்பார்கள். பஜனைக் குழுவினர் படிக்குப் படி மஞ்சள் குங்குமம் இட்டு, கற்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடி மேலே ஏறுகிறார்கள். புத்தாண்டன்று வெள்ளைக்கார துரையைக் கும்பிடப் போன வழக்கத்தை மாற்றி, முதல் வணக்கம் தணிகை முருகனுக்கே என்று வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் 1917-இன் கடைசி இரவில் தொடங்கிவைத்த திருவிழா இது.

அதே இரவில் தமிழ்நாட்டுத் தேவாலயங்களும் விழித்திருக்கின்றன. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜான் வெஸ்லியின் மெதடிஸ்டுகள் பரப்பிய விழிப்பு ஆராதனை, 1947-இல் மெதடிஸ்டுகளும் சேர்ந்து உருவான தென்னிந்தியத் திருச்சபையில் ஊன்றி நிற்கிறது. பாட்டு, பாவ அறிக்கை, கடந்த ஆண்டுக்கான ஸ்தோத்திரம், ஆயரின் பிரசங்கம். பன்னிரண்டு நெருங்கும்போது ஜெபம். மணி அடித்ததும் வாழ்த்து, பல சபைகளில் திருவிருந்து, ஆண்டுக்கான வாக்குத்தத்த வசனம் அச்சிட்ட அட்டை.

மலையில் ஒவ்வொருவரும் தம் வேண்டுதலோடு தம் வேகத்தில் ஏறலாம். பாதியில் வரலாம், தரிசனம் முடிந்ததும் இறங்கலாம். தேவாலயத்தில் சபையார் எழும்போது எழுந்து, அவர்கள் பாடும்போது பாட வேண்டியிருக்கும். முதல்முறை போகிறவர் தயங்க வேண்டாம்: பாட்டு எண்ணைப் பலகையில் பார்க்கலாம், பக்கத்தில் இருப்பவரே புத்தகத்தைப் பிரித்துத் தருவார். காணிக்கைப் பையில் போடுவது கட்டாயமல்ல. திருவிருந்து ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் பெற்றவர்களுக்கு. மற்றவர்கள் இருக்கையிலேயே இருக்கலாம், யாரும் தவறாக நினைப்பதில்லை.

இசையில் இரண்டும் நெருங்கி வருகின்றன. முத்துசுவாமி தீட்சிதர் தம் முதல் கீர்த்தனையைப் பாடிய தலம் திருத்தணி என்பது மரபு. அவர் காலத்தவரான தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கர்நாடக ராகங்களில் கட்டிய கிறிஸ்தவக் கீர்த்தனைகள் இன்றும் ஆராதனைகளில் ஒலிக்கின்றன.

என்னை அதிகம் யோசிக்கவைப்பது வழிபாட்டுக்குப் பிறகு நடப்பதுதான். மலையில் யாரும் உங்கள் ஊர் பேர் கேட்பதில்லை. எந்தத் துயரத்தோடு வந்தவரையும் விசாரணையின்றி ஏற்றுக்கொள்கிற அந்தப் பெருந்தன்மை பெரிது. தேவாலய வாசலிலோ கேட்பார்கள்: எந்த ஊர், எங்கே தங்கியிருக்கிறீர்கள், வீட்டில் யார் யார்? புதியவருக்குக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கேள்விகளிலிருந்துதான் சபை வாழ்க்கை தொடங்குகிறது. குடும்பப் பெயர் பதிவேட்டில் ஏறுகிறது, சந்தா வருகிறது, பிள்ளைகள் ஞாயிறு பள்ளிக்குப் போகிறார்கள், அறுப்பின் பண்டிகையில் பூசணிக்காயும் கோழியும் ஏலம் போகின்றன. இரண்டு ஞாயிறு வராவிட்டால் ஆயரோ பெண்கள் ஐக்கிய சங்கத்தாரோ வீடு தேடி வந்து ஜெபிக்கிறார்கள். பதிவேடு இருக்கும் இடத்தில் நிர்வாகத் தேர்தலும் கோஷ்டியும், சில ஊர்களில் சாதிப் பிரிவும் நுழைந்துவிடுவதை மறைக்க முடியாது. கல்லறைத் தோட்டத்தில்கூடச் சுவர் எழுப்பிய சபைகள் உண்டு. இருந்தும், தனியாகக் கிடக்கும் ஒரு முதியவரை யார் வந்து பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு, பெயர் தெரிந்து வைத்திருக்கும் சபையிடம் நடைமுறையான பதில் இருக்கிறது.