கூட்டாண்மையில் நமக்கு என்ன பங்கு?



அரசும் தனியாரும் கைகோத்தால் நகரம் வளரும் என்கிறார்கள். சென்னையின் மேற்குப் புறநகரில் அந்த வளர்ச்சி நமக்குத் தந்தது என்ன, பறித்தது என்ன என்று பார்ப்போம்.

1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு 'சோசலிச பாணிச் சமுதாயம்' என்று தீர்மானம் போட்டது. அடுத்த பத்தாண்டுக்குள் ஆவடியில் ஒன்றிய அரசின் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. அம்பத்தூரில் மாநில அரசு தொழிற்பேட்டை அமைத்தது. இரண்டுமே பொதுப்பணத்தில் எழுந்தவை. ஆனால் ஆவடி ஆலையில் இடஒதுக்கீடு உண்டு. தொழிற்பேட்டையின் தனியார் ஆலைகளில் இல்லை. முதலாளிக்கு இடம் கொடுத்த அரசு, நமக்கு அங்கே இடம் கேட்கவில்லை.

நமக்கென்று விடப்பட்டது துப்புரவு. அது சாதி சுமத்திய வேலை. ஆயினும் நகராட்சியில் நிரந்தரமானவருக்கு மாதச் சம்பளமும் வைப்புநிதியும் ஓய்வூதியமும் இருந்தன. அந்தச் சம்பளத்தில்தான் நம் வீடுகள் பலவற்றில் முதல் பட்டதாரி உருவானார்.

2000இல் சென்னை மாநகராட்சி மூன்று மண்டலங்களின் குப்பை அள்ளும் பணியை ஓனிக்ஸ் என்ற பன்னாட்டு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. பணம் டன் கணக்கில் கொடுக்கப்பட்டது. பின்னர் நீல் மெட்டல் பனால்கா, ராம்கி, உர்பேசர் சுமீத் என்று நிறுவனங்கள் வந்தன. 2011இல் மாநகராட்சியோடு இணைந்த அம்பத்தூர், 7ஆம் மண்டலமாகிப் பிறகு தனியார் வசம் போனது. நிறுவனமும் சீருடையும் மாறின. குப்பை அள்ளுவோரின் சாதி மாறவில்லை.

2025 ஆகஸ்டில் 5, 6ஆம் மண்டலங்கள் தனியாருக்குப் போனபோது, தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை முன் 13 நாள் போராடினார்கள். பெரும்பாலோர் பெண்கள். ஏறத்தாழ 23,000 ரூபாய்ச் சம்பளம் 17,000 ரூபாய் அளவுக்குக் குறையும் என்பது அவர்கள் சொன்ன கணக்கு. 13ஆம் தேதி நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது.

பணி நிரந்தரம் கேட்பது சாதித் தொழிலை நிரந்தரமாக்குவது ஆகாதா என்று அப்போது நமக்குள்ளும் கேள்வி எழுந்தது. அலட்சியப்படுத்தக்கூடாத கேள்வி அது. நாம் கேட்பது இன்று வேலை செய்பவருக்கான நிரந்தரம். அவர் பிள்ளைக்கு அதே வேலை அல்ல. ஒப்பந்த முறை நம்மைத் துப்புரவிலிருந்து மீட்கவில்லை. அதிலிருந்து அடுத்த தலைமுறை வெளியேற உதவிய சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும்தான் பறித்தது.

ஆண்டு முழுதும் நடக்கும் வேலைகளில் ஒப்பந்த முறையைத் தடைசெய்ய 1970ஆம் ஆண்டுச் சட்டம் 2025 வரை அரசுக்கு அதிகாரம் தந்தது. குப்பை சேராத நாள் உண்டா? அந்த அதிகாரத்தை அரசு பயன்படுத்தியிருக்க வேண்டும். பொதுப்பணம் போகும் இடமெல்லாம் இடஒதுக்கீடும் போக வேண்டும். இதற்கு உடன்படாத கூட்டாண்மையில் நமக்குப் பங்கில்லை.