செட்டிநாடும் வெளிநாட்டு வேலை அனுமதியும்

செட்டிநாட்டு நகரத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் இலங்கை, பர்மா, மலாயா ஆகிய நாடுகளில் லேவாதேவி (வட்டித்தொழில்) நடத்தினர். காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் இதைக் 'கொண்டுவிக்கப் போதல்' என்பர். இந்நாடுகளுக்கு வேலைக்குச் செல்வதற்கான விதிகள் 1937-க்கும் 1959-க்கும் இடையே முழுவதுமாக மாறின. அம்மாற்றம் இப்பகுதியின் குடும்ப வாழ்வையும் தொழிலையும் பாதித்தது.

மூன்றாண்டுக் கணக்கு

தொடக்கத்தில் விசா என்று ஒன்று இல்லை. பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். இலங்கைக்கும் மலாயாவுக்கும் கப்பல் சீட்டும் தெரிந்தவர் முகவரியும் இருந்தால் போதும். நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறினால் பினாங்கில் இறங்கலாம். அங்கே தங்குவதற்கு நகரத்தார் கிட்டங்கி இருந்தது.

வேலைக்கான ஒப்பந்தம் ஊரிலேயே எழுதப்பட்டது. பெட்டியடிப் பையனாகச் சேர்பவர் அடுத்தாள், மேலாள் என உயர்வார். தவணை பொதுவாக மூன்றாண்டு. அது முடிந்ததும் கணக்கை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார். சில காலம் கழித்து மீண்டும் புறப்படுவார். மனைவி மக்கள் செட்டிநாட்டிலேயே இருந்தனர். எண்சுவடியும் வட்டிக்கணக்கும் பழகியதே இவர்களின் கல்வித்தகுதி. அதற்குச் சான்றிதழ் கிடையாது, யாரும் கேட்டதும் இல்லை.

பர்மா

1930-இல் வெளியான பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழுவின் அறிக்கை, அங்கே சுமார் 1,650 செட்டியார் நிறுவனங்கள் இருந்ததாகக் கணக்கிட்டது. அதே காலத்தில் உலகப் பொருளாதார மந்தத்தால் நெல் விலை சரிந்தது. கடனைத் திருப்ப முடியாத விவசாயிகளின் நிலங்கள் செட்டியார்களிடம் வந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் சுமார் 6 சதவீத நிலம் அவர்களிடம் இருந்தது. 1937-இல் அது 25 சதவீதமானது. நிலத்தை இழந்த பர்மியரின் கோபத்தைக் கணக்கில் கொள்ளாமல் பின்னர் வந்த விதிகளைப் புரிந்துகொள்ள முடியாது.

1937 ஏப்ரல் 1-இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. 1941 ஜூனில் கையெழுத்தான இந்திய–பர்மா குடியேற்ற ஒப்பந்தம் 'ஏ', 'பி' என இருவகை அனுமதிகளை ஏற்படுத்தியது. முதல் வகை காலவரையற்றது, இரண்டாவது குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் உரியது. காந்தி இந்த ஒப்பந்தத்தைக் கண்டித்தார். ஆனால் அது முழுமையாக நடைமுறைக்கு வருவதற்குள், 1941 டிசம்பரில் ரங்கூன் மீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. நடந்தும் கப்பலேறியும் தப்பி வந்தவர்கள் போர் முடிந்ததும் திரும்ப நினைத்தபோது, 1947-ஆம் ஆண்டின் அவசரக் குடியேற்றச் சட்டம் வழிமறித்தது. அனுமதியோ விசாவோ இன்றி நுழைய முடியாது என்றாயிற்று. அடுத்த ஆண்டே நில தேசியமயச் சட்டம் வந்தது.

இலங்கையும் மலாயாவும்

இலங்கையில் 1948-ஆம் ஆண்டின் 20-ஆம் எண் சட்டம் இந்திய வணிகர்களைத் தற்காலிக வசிப்பு அனுமதியின்கீழ் கொண்டுவந்தது.

மலாயாவின் விதிகள் நுட்பமானவை. 1952-இல் இயற்றப்பட்டு 1953 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம், தொழில்முறைத் தகுதி பெற்றவர்களையும், மாதம் 500 மலாயா டாலருக்குக் குறையாத சம்பளத்தில் ஒப்பந்தம் பெற்றவர்களையும் அனுமதித்தது. பெட்டியடிப் பையனோ அடுத்தாளோ இந்த வாசலில் நுழைய முடியாது. புதியவர் வர முடியாதபோது பழையவர் கணக்கை யாரிடம் ஒப்படைப்பார்? மூன்றாண்டுச் சுழற்சியின் அச்சு இங்கேதான் முறிந்தது.

1959-இல் விதி மேலும் இறுகியது. கணவரைப் பிரிந்து தொடர்ந்து ஐந்தாண்டு வாழ்ந்த மனைவிக்கும், ஆறு வயது நிரம்பிய பிள்ளைகளுக்கும் நுழைவு மறுக்கப்பட்டது. குடும்பத்தை ஊரில் விட்டுச் செல்வது நகரத்தாருக்குத் தலைமுறை வழக்கம். சட்டமோ அதையே பிரிவு என்று எண்ணியது. குடும்பத்தை உடனே அழைத்துக்கொள்வதா, கடையை முடித்துக்கொண்டு ஊர் திரும்புவதா என்று பலர் முடிவெடுக்க வேண்டியிருந்தது.

விதிகள் வருவதற்கு முந்தைய காலத்தின் கடைசிச் சித்திரத்தை ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்', 'புயலிலே ஒரு தோணி' நாவல்களில் காணலாம். சிங்கம்புணரியில் பிறந்த அவர் இளவயதில் இந்தோனேசியாவின் மேடான் நகருக்கு வேலைக்குச் சென்றவர்.

பட்டமும் அனுமதியும்

கோட்டையூரைச் சேர்ந்த அழகப்பச் செட்டியார் 1947-இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளித்தார். அழகப்பா பல்கலைக்கழகம் 1985-இல் உருவானது. கடல்வழிகள் அடைபட்டதால்தான் இக்கல்வி நிறுவனங்கள் எழுந்தன என்று சொல்வது மிகை. ஆனாலும் கணக்குப் பழக்கம் செல்லாத வாசல்களில் பட்டம் செல்லுபடியானது, செட்டிநாட்டின் அடுத்த தலைமுறை அதைக்கொண்டே வெளிநாடு சென்றது.

சிங்கப்பூர் இன்று உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களில் பட்டம் பெறும் வெளிநாட்டவருக்கு வேலை தேட ஓராண்டு வரை தங்கும் அனுமதி வழங்குகிறது. வேலை அனுமதிக்கு 2023 முதல் சம்பளம், கல்வித்தகுதி ஆகியவற்றுக்குப் புள்ளிகள் இடுகிறது. இந்தியாவில் மாணவர் விசா என்பது வேலைக்கான அனுமதி ஆகாது. வேலை விசாவுக்குப் பொதுவாக ஆண்டுக்கு 16.25 லட்சம் ரூபாய்ச் சம்பளம் வேண்டும். மொழியாசிரியர், அயல்நாட்டு உணவு சமைப்பவர் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு. அடுத்தாள்களை 1953-இல் மலாயா நிறுத்திய அதே சம்பள வாசலை, காரைக்குடியில் பட்டம் பெறும் அயல்நாட்டு மாணவரும் கடந்தாக வேண்டும்.