மருத்துவப் படிப்பில் சாட்ஜிபிடி: பதிலை நம்பும் முன் என்னென்ன பார்க்கணும்?

60 பக்கப் பாடத்தைச் சாட்ஜிபிடியிடம் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் சுருக்கித் தந்துவிடும். ஆய்வுக் கட்டுரைக்கு முன்னுரை கேட்டால் அதையும் எழுதித் தரும். மருத்துவம், தாதிமை, மருந்தியல் படிக்கும் பலருக்கு இது பழகிப்போன வேலை.

பயன்படுத்துவதில் தப்பில்லை. ஆனால் மருத்துவத்தில் ஒரு தவறான வரி தேர்வுத்தாளோடு நின்றுவிடுவதில்லை. ஒரு நாள் அது நோயாளியிடம் போய்ச் சேரலாம். அப்படியென்றால் ஆக்கமுறைச் செயற்கை நுண்ணறிவை, அதாவது ஏஐ கருவிகளை, எப்படிப் பயன்படுத்துவது?

தேர்விலேயே பாஸ் பண்ணிடுச்சே, அப்புறம் என்ன?

சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வெளிவந்தது. சில மாதங்களில், 2023 பிப்ரவரியில், ஓர் ஆய்வு பரபரப்பாகப் பேசப்பட்டது. அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் மாதிரிக் கேள்விகளுக்குச் சாட்ஜிபிடி பதிலளித்து, தேர்ச்சிக்குத் தேவையான சுமார் 60 விழுக்காட்டை நெருங்கியது அல்லது எட்டியது.

ஆனால் தேர்வுக் கேள்வியில் வயது, அறிகுறி, ரத்தப் பரிசோதனை முடிவு எல்லாம் ஒரே பத்தியில் தயாராக இருக்கும். உண்மையான நோயாளி அப்படி வருவதில்லை. "வயிறு ஒரு மாதிரியா இருக்கு டாக்டர்" என்றுதான் ஆரம்பிப்பார். மிச்சத்தை நீங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொள்ளணும்.

கேட்காமல் விட்ட ஒரு கேள்வி

2025இல் அமெரிக்க மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் வந்த சம்பவம் இது. 60 வயது ஆடவர் ஒருவர் உணவில் சாதாரண உப்பைத் தவிர்க்க நினைத்தார். சாதாரண உப்பு என்பது சோடியம் குளோரைடு. அதில் உள்ள குளோரைடுக்குப் பதிலாக என்ன பயன்படுத்தலாம் என்று சாட்ஜிபிடியிடம் விசாரித்தார். பிறகு இணையத்தில் சோடியம் புரோமைடு வாங்கி மூன்று மாதம் சாப்பிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் தமக்கு விஷம் வைப்பதாகச் சந்தேகப்பட்டு மருத்துவமனைக்குப் போனார். இல்லாதவை கண்ணுக்கும் காதுக்கும் தெரிந்தன. அது புரோமைடு நச்சு. மூன்று வாரம் மருத்துவமனையில் இருக்க வேண்டியதாயிற்று.

அவருக்குக் கிடைத்த பதிலை மருத்துவர்களால் பார்க்க முடியவில்லை. அதனால் சாட்ஜிபிடியின் பழைய பதிப்பொன்றில் அவர்களே கேட்டுப் பார்த்தார்கள். அந்தப் பதிலிலும் புரோமைடு இருந்தது. சூழலைப் பொறுத்தது என்று கூறிய கருவி, உடல்நல எச்சரிக்கை எதையும் குறிப்பிட்டுத் தரவில்லை. "எதற்காகக் கேட்கிறீர்கள்?" என்றும் கேட்கவில்லை.

வேதியியலில் சில இடங்களில் குளோரைடுக்குப் பதில் புரோமைடு சரிதான். சாப்பாட்டுக்கு அது ஆகாது. மருத்துவராக இருந்தால் முதலில் காரணத்தைக் கேட்டிருப்பார். மருத்துவப் படிப்பில் நீங்கள் பழகுவது இந்தக் கேள்வி கேட்கும் திறனைத்தான். ஏஐயிடம் யோசிக்காமல் ஒப்படைத்தால் முதலில் நழுவிப்போவதும் அதுதான்.

இல்லாத கட்டுரைக்கும் எழுத்தாளர் பெயர் இருக்கும்

இந்தக் கருவிகள் அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்து எழுதுபவை. ஆய்வுக் கட்டுரையின் மேற்கோள் எப்படி இருக்கும் என்பது அவற்றுக்கு நன்றாகத் தெரியும்: ஆசிரியர் பெயர், தலைப்பு, சஞ்சிகை, ஆண்டு, பக்க எண். அதே வடிவத்தில் இல்லாத கட்டுரையையும் எழுதிவிடும்.

2023 மே மாதம் வெளியான ஆய்வு ஒன்றில், சாட்ஜிபிடி-3.5இடம் 30 சிறு மருத்துவக் கட்டுரைகளை எழுதச் சொன்னார்கள். அவற்றில் இருந்த 115 மேற்கோள்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தார்கள்.

* 47 விழுக்காடு: முழுக்கக் கற்பனை
* 46 விழுக்காடு: கட்டுரை உண்மை, விவரங்களில் பிழை
* 7 விழுக்காடு மட்டுமே: கட்டுரையும் உண்மை, விவரமும் சரி

"அது பழைய பதிப்பாச்சே" என்று நீங்கள் சொல்லலாம். இப்போதைய கருவிகள் பல, இணையத்தில் தேடி இணைப்பையும் சேர்த்தே தருகின்றன. ஆனாலும் இணைப்பு உண்மையாக இருந்து, கட்டுரையில் இல்லாத முடிவை ஏஐ சொல்லியிருக்கலாம். எலிகளிடம் நடந்த சோதனையை மனிதர்களிடம் நடந்ததுபோல் சுருக்கியிருக்கலாம். கட்டுரையைத் திறந்து படித்தால்தான் தெரியும்.

"ஏஐ பயன்படுத்தினேன்" என்று சொன்னால் போதுமா?

சொல்லியே ஆகணும். ஆனால் அது மட்டும் போதாது. 2024 பிப்ரவரியில் ஓர் உயிரியல் சஞ்சிகையில் வந்த கட்டுரையில், மிட்ஜர்னி கருவியால் வரைந்த எலிப் படம் இருந்தது. உடலமைப்பு அபத்தமாக இருந்தது. உறுப்புகளின் பெயர்கள் அர்த்தமே இல்லாத எழுத்துக்கூட்டங்கள். கருவியைப் பயன்படுத்தியதைக் கட்டுரையாளர்கள் மறைக்கவில்லை. ஆனாலும் அது மதிப்பீட்டைத் தாண்டி வெளியாகிவிட்டது. சில நாளில் மீட்டுக்கொள்ளப்பட்டது.

மருத்துவச் சஞ்சிகை ஆசிரியர்களின் அனைத்துலகக் குழு இதில் தெளிவாக இருக்கிறது. ஏஐயைக் கட்டுரையாளராகக் குறிப்பிடக்கூடாது. ஏனென்றால் எழுதியதற்கு அதனால் பொறுப்பேற்க முடியாது. பெயர் போடுபவர் நீங்கள் என்றால் பொறுப்பும் உங்களுடையது.

சார்ந்திருந்தால் திறமை மங்குமா?

2025இல் வெளியான போலந்து ஆய்வு ஒன்று யோசிக்க வைக்கிறது. பெருங்குடலைக் கேமரா மூலம் பரிசோதிக்கும் மருத்துவர்களுக்கு ஏஐ உதவி அறிமுகமானது. அது சாட்ஜிபிடி போன்றதல்ல, படத்தில் சந்தேகமான இடத்தைக் காட்டும் கருவி. அறிமுகத்துக்கு முன், ஏஐ இல்லாத பரிசோதனைகளில் 28.4 விழுக்காட்டில், புற்றுநோயாக மாறக்கூடிய வளர்ச்சிகள் கண்டுபிடிக்கப்பட்டன. அறிமுகத்துக்குப் பிறகு, ஏஐ இல்லாமல் செய்த பரிசோதனைகளில் அது 22.4 விழுக்காடாகக் குறைந்தது.

ஒரே ஆய்வை வைத்து ஏஐதான் காரணம் என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் அவர்கள் அனுபவமுள்ள மருத்துவர்கள். மாணவர்களுக்கோ அந்தத் திறமையே இனிமேல்தான் வர வேண்டும்.

அப்போ எப்படித்தான் பயன்படுத்துவது?

* முதலில் நீங்கள் யோசியுங்கள். நோயாளியின் விவரத்தைப் படித்ததும் என்னென்ன நோயாக இருக்கலாம் என்று உங்கள் பட்டியலை எழுதுங்கள். பிறகு ஏஐயிடம் கேட்டு ஒப்பிடுங்கள். எங்கே வேறுபடுகிறது, ஏன் என்று பாருங்கள்.
* ஏஐயை நோயாளியாக்குங்கள். "நீ நெஞ்சுவலியோடு வந்த நோயாளி. நான் கேட்டால் மட்டும் பதில் சொல்லு" என்று கட்டளை கொடுங்கள். கேள்வி கேட்டுப் பழக இது நல்ல வழி.
* மூலத்தைத் திறங்கள். மேற்கோளைப் பப்மெட் தளத்தில் தேடுங்கள். கிடைக்கவில்லையென்றால் பயன்படுத்தாதீர்கள். கிடைத்தால் சுருக்கத்தோடு நிற்காமல் கட்டுரையைப் படியுங்கள்.
* மருந்தளவை ஏஐயிடமிருந்து எடுக்காதீர்கள். மருத்துவமனையின் மருந்துக் கையேட்டையோ மருந்தாளரையோ கேளுங்கள்.
* நோயாளி விவரத்தைப் பொதுக் கருவியில் பதிவேற்றாதீர்கள். பெயரை நீக்கினால் மட்டும் போதாது. வயது, அரிய நோய், சேர்க்கப்பட்ட தேதி மூன்றும் சேர்ந்தால் ஆளை அடையாளம் காண முடியலாம்.
* விதிமுறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு பாடத்தில் அனுமதிப்பதை இன்னொரு பாடத்தில் தடுக்கலாம். ஒப்படைக்கும் முன் விரிவுரையாளரிடம் கேட்பது நல்லது.

சிங்கப்பூரில் சுகாதார அமைச்சும் சுகாதார அறிவியல் ஆணையமும் மற்ற அமைப்புடன் சேர்ந்து, மருத்துவத்தில் ஏஐ பயன்பாடு குறித்த வழிகாட்டிக் குறிப்புகளை 2021 அக்டோபரிலேயே வெளியிட்டன. சாட்ஜிபிடி வருவதற்கு ஓராண்டுக்கு முன்பே! கருவிகள் மாறிக்கொண்டே இருக்கும். நோயாளியின் பக்கத்தில் நின்று பதில் சொல்ல வேண்டியவர் மட்டும் மாறப்போவதில்லை.

அடுத்த முறை ஏஐ சரளமாக ஒரு பதில் தரும்போது, அதை நகலெடுக்கும் முன் ஒன்றை மட்டும் பாருங்கள்: இது ஏன் சரி என்று உங்களால் விளக்க முடியுமா? முடியவில்லையென்றால் பாடப் புத்தகத்தைத் திறக்க அதுதான் சரியான நேரம்.